தட்டு மாற்றிய பிறகும் பார்த்தவள்

அவளோடு கடைக்குப் போவதற்குப் பெரிய பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. லான்மடாவ் சந்தையில் முதல் கடையிலேயே இடுப்பில் சுற்றுகிற பூப்போட்ட தமெய்ன் ஒன்றை எடுப்பாள். பிடித்திருக்கிறது என்பாள், மடித்துக் கட்டச் சொல்லி வாங்கியும் விடுவாள். அத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று நான் திரும்பினால் ஆளைக் காணோம். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த கடையில் நின்று, அங்கே தொங்குகிற தமெய்ன்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வாங்கியாச்சே, இன்னும் எதுக்குடி பாக்கறே?"

"பாக்க மட்டும்தான் அக்கா."

இப்படி எட்டுக் கடை. எட்டுக் கடைக்காரிகளும் அவளைத் திட்டியிருக்க வேண்டும். ஒருத்தியும் திட்டியதில்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து அவளுக்கு. அதைக் காட்டிச் சிரித்தபடி, "வாங்க வரல, வாங்கிட்டேன். உங்களுது எப்படின்னு பாக்கறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். எல்லாம் முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் சுற்றிக்கொண்டு முதல் கடைக்கே திரும்ப வருவாள். "எல்லாம் பாத்துட்டேன். உங்களுதுதான் நல்லா இருக்கு" என்று அந்தக் கடைக்காரியிடம் சொல்வாள். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். நான் வெயிலில் நின்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்தக் கடைசி நடை எதற்கு என்று அப்போதே யோசித்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

பேர் வேண்டாம். அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், என் எழுத்தில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம். என்னைப் பற்றிச் சொல்கிறேன். போட்டாதாங் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் எனக்கு வேலை. கல்லூரிக்குப் பெண்கள் வாலிபால் அணி ஒன்று உண்டு. அந்த அணிக்கு ஆள் பிடிப்பதும் என் தலையில்தான் விழுந்தது. பள்ளிக்கூட மைதானங்களுக்குக் கோச்சோடு போவேன். அவர் ஆட்டத்தைப் பார்ப்பார், நான் பெண்ணைப் பார்ப்பேன், அப்புறம் பெண்ணின் வீட்டைப் பார்ப்பேன். பிடித்த பெண்ணைக் கடைக்குக் கூட்டிப்போய், மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து, நாலு வார்த்தை தமிழோ பர்மியமோ பேசி எங்கள் பக்கம் இழுப்பேன். சுருக்கமாகச் சொன்னால் பார்க்கிறதுதான் என் பிழைப்பு.

அவள் நகரத்தின் ஓரத்தில் இருக்கிற ஷ்வேப்யிதாவில் இருந்து வந்தாள். அப்பா தமிழர், போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா பர்மியப் பெண். வீட்டில் பேச்செல்லாம் பர்மியம்தான். அப்பாவிடம் கற்ற கொஞ்சம் தமிழை என்னிடம் மட்டும் எடுத்து விடுவாள். மற்றவர்கள் முன்னால் நான் 'சயாமா', டீச்சரம்மா மாதிரி. தனியாக இருந்தால் 'அக்கா'.

ஆட்டத்தில் அவள் செட்டர். அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடம். பந்து தன்னை நோக்கி வரும்போது மற்றப் பெண்களெல்லாம் பந்தைத்தான் பார்ப்பார்கள். இவள் வலைக்கு அந்தப் பக்கம் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். பந்து விரலில் பட்ட பிறகும் அவள் பார்வை எதிர்ப்பக்கம்தான் இருக்கும். முதல் நாள் அதைக் கண்டதும் கோச் என் முழங்கையைக் கிள்ளினார். "இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது சயாமா. இந்தப் பெண்ணை விடக்கூடாது" என்றார்.

கோடையில் எங்கள் கல்லூரியில் நடந்த இரண்டு வாரப் பயிற்சி முகாமுக்கு அவளை வரவழைத்தோம். விடுதியில் அறை கொடுத்தேன். சாவியை வாங்கிப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, அந்த மாடியில் இருந்த மற்ற அறைகளை எல்லாம் எட்டிப் பார்க்கப் போய்விட்டாள். மேற்பார்வை அம்மாள் என்னிடம் புகார் கொண்டுவந்தாள். நான் மூக்குக்கு மேல் கோபத்தோடு மாடி ஏறினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுதான் நல்ல ரூம் அக்கா. மத்த ரூம்ல தாழ்ப்பா சரியில்ல."

அவள் சொன்னது உண்மை. மறுநாள் தச்சரை வரவழைத்து ஆறு தாழ்ப்பாள் மாற்றினோம்.

அதற்கு முந்தைய வருடம் எங்களுக்கு வாக்குக் கொடுத்த இரண்டு பெண்கள், சேர்க்கைக்கு ஒரு வாரம் முன்னால் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். கோச் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்று எனக்கு ஒரு யோசனை பிறந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, என் சொந்தப் புத்திதான். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்து, அதன் மேல் எங்கள் அணியின் ஏழாம் நம்பர் ஜெர்ஸியை மடித்து வைத்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மாதிரி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, கோச்சையும் இழுத்துக்கொண்டு ஷ்வேப்யிதாவுக்குப் போனேன்.

அவளுடைய அப்பா தட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பெண்ணின் பள்ளிச் சான்றிதழ்களை இன்னொரு தட்டில் பழத்தோடு வைத்து நீட்டினார். தட்டு மாற்றிக்கொண்டோம். அம்மா தன் பங்குக்கு லப்பெட் கொண்டுவந்து வைத்தாள். ஊறவைத்த தேயிலை, வறுத்த பயறு, எள், பூண்டு. பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக அதைத் தின்பது அவர்கள் வழக்கம். எங்கள் வழக்கம் வெற்றிலை. இரண்டையும் மென்ற பிறகு யார் பின்வாங்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

நாலு வருடப் படிப்பு இலவசம், விடுதி இலவசம், சாப்பாடு இலவசம். அது கிடைக்காவிட்டால் அந்தத் தெருவில் மற்றப் பெண்கள் போகிற தையல் ஃபேக்டரிதான் அவளுக்கும். எல்லோருக்கும் அது தெரியும்.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

"சயாமா, எனக்கு முட்டி போயிடுச்சுன்னா? ஆட முடியலன்னா படிப்பு இருக்குமா?"

அம்மா உச்சுக்கொட்டினாள். அப்பா, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசற?" என்று அதட்டினார். நானும் சேர்ந்துகொண்டேன். "வாயக் கழுவு. தட்டு மாத்தற நேரத்துல இதுவா கேக்கறது?" என்றேன்.

அவள் கேட்டது அபசகுனம் என்பதால் நான் கோபப்படவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியாது. நாங்கள் கொடுக்கிற சேர்க்கைக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மேலே நிர்வாகத்திடம் போய்க் கேட்டிருக்கலாம், அதற்கு மாடிப்படி ஏறினால் போதும். நான் ஏறவில்லை.

திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். அவளுடைய பெரியக்கா தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்ததைச் சொன்னாள். ஒருநாள் விரலில் மெஷின் ஊசி ஏறிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் போனால் அவள் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாளாம். "அதனாலதான் அக்கா கேட்டேன்" என்றாள். நான் உம் கொட்டிக்கொண்டே பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் போயிற்று. கோச் ஒருநாள் என் மேசைக்கு வந்து, நகரின் வடக்கே புதிதாக வந்திருக்கிற இன்னொரு கல்லூரியில் பள்ளி அணிகளின் ஆட்டம் ஒன்று நடக்கிறது, அதில் உயரமான செட்டர் ஒருத்தி ஆடுகிறாள் என்றார்.

"நமக்குத்தான் செட்டர் இருக்காளே?"

"இருந்தா என்ன? பார்த்து வைப்போம்."

அதில் எங்கள் இருவருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை. தட்டு கொடுத்தது நாங்கள், ஜெர்ஸி கொடுத்தது நாங்கள், அந்த ஏழாம் நம்பருக்கு வேறொருத்தியைப் பார்க்கக் காரில் கிளம்பியதும் நாங்கள்.

கோச் மைதானத்துக்குப் போனார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்று அலுவலகப் பக்கம் திரும்பினேன். அங்கே படியில் அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு தாள். பின்னால் அந்தக் கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்து அம்மாள்.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவள் முகம் அப்படி மலராது.

"அக்கா! நீங்களும் பாக்க வந்தீங்களா?"

எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை எரிந்தது. "நீ எதுக்குடி இங்க வந்தே?" என்றேன்.

"பாக்க மட்டும்தான் அக்கா. ஒண்ணு கேக்க வேண்டியிருந்துச்சு."

"தட்டு மாத்தின பொண்ணு இன்னொரு வீட்டு வாசல்ல வந்து நிப்பாளா? உங்கப்பா மானம் என்ன ஆறது? என் மானம் என்ன ஆறது?"

"நா எங்கயும் போகல அக்கா. பாக்கத்தான்..."

என்ன கேட்க வந்தாள், கையில் இருந்த தாள் என்ன, எதையும் நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்த அலுவலகத்து அம்மாள் பக்கம் திரும்பி, பர்மியத்தில், நன்றாகக் கேட்கிற மாதிரி, "இவள் எங்கள் பெண். எங்களுக்கு நிச்சயமானவள். வார்த்தை கொடுத்துவிட்டு ஊர் சுற்றுகிறாள். நீங்களும் ஏமாறாதீர்கள்" என்றேன். அந்த அம்மாள் முகம் மாறியது. தனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்க எதுக்கு வந்தீங்க அக்கா?"

"அது என் வேலை" என்றேன்.

திரும்பி வரும்போது காரில் கோச்சிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பார்த்ததைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர், "அப்படியானால் உயரமான பெண்ணையே எடுத்துக்கொள்வோம். இருக்கிறது ஒரு இடம்தானே" என்றார். வேண்டாம், அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிப்போம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். இந்த விஷயங்களில் அவர் என் பேச்சைத் தட்டியதே இல்லை. நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஒரு பாடம் கிடைக்கட்டும் என்ற வீம்பு. வயதுக்குத் தகுந்த புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

சேர்க்கை நாளன்று பெட்டியோடு வந்து என் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். வரிசையில் பின்னால் இருபது பேர். கரண்ட் போய் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. இடம் போய்விட்டது என்று சொன்னேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் பைக்குள் கை விட்டு அந்தத் தாளை எடுத்து விரித்து ஜன்னலுக்குள் நீட்டினாள். அந்த இன்னொரு கல்லூரியின் தாள். ஆட்டத்தில் காயம் பட்டு ஆட முடியாமல் போனாலும் படிப்பு முடிகிறவரை இடம் உண்டு என்று பர்மியத்தில் ஒரே ஒரு வரி. அதன் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"மத்தவங்க இத எழுதிக் குடுக்கறாங்களான்னு பாக்கத்தான் போனேன் அக்கா. இதே மாதிரி நீங்களும் எழுதிக் குடுத்தா போதும். எனக்கு உங்களுதுதான் பிடிச்சிருக்கு."

எல்லாக் கடையும் பார்த்துவிட்டு முதல் கடைக்குத் திரும்பி வந்திருக்கிறாள். அது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய? உயரமான பெண்ணின் பெயர் பதிவாகி, அவள் விடுதி அறையில் துணி காயப்போட்டிருந்தாள்.

"அந்தக் காலேஜுக்கே போயேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"போன வாரம் போனேன். வேற இடத்துல நிச்சயமான பொண்ண எடுக்க மாட்டோம்னுட்டாங்க."

என்மேல் பழி போடுகிற மாதிரி அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப் போனாள். நான் அடுத்த ஆளின் சான்றிதழை வாங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அவளுடைய அப்பா வந்தார். துறையில் மூட்டை தூக்குகிறவர், எங்கள் கல்லூரி வாசலைத் தினமும் தாண்டிப் போகிறவர், உள்ளே காலடி வைத்தது அன்றைக்குத்தான். அதே வெள்ளைச் சட்டை. கையில் என் பித்தளைத் தட்டு. அதன் மேல் ஏழாம் நம்பர் ஜெர்ஸி, துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது. புது வெற்றிலை கூட வைத்திருந்தார்.

"எங்க மேலதான் தப்பு சயாமா" என்றார். "பொண்ணுக்குச் சொல்லி வளக்கல. தட்டு மாத்தின பொறகு அவ போயிருக்கக் கூடாது. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

இல்லை ஐயா, தப்பு என்னுடையது, இது கல்யாணம் இல்லை, நான்தான் கல்யாணம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நானும்தான் அங்கே வேறொருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகப் பெரிய கோழைத்தனம் அதுதான்.

உயரமான பெண் ஒன்றரை வருடம் நன்றாக ஆடினாள். பிறகு ஒரு ஆட்டத்தில் குதித்து இறங்கும்போது முழங்கால் பிசகிப் போயிற்று. இரண்டு மாதம் கட்டுப் போட்டு நடந்தாள். கோச் உதட்டைப் பிதுக்கினார். இலவச இடம் இந்தப் பருவத்தோடு முடிகிறது என்று ஒரு கடிதம் தயாரிக்கச் சொன்னார்கள். அதை டைப் செய்தது நான். பாதியில் எழுந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏற வேண்டிய மாடிப்படியை அன்றைக்கு ஏறினேன். கத்தினேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை, அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் நச்சரித்து, போன வருடம் எங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வைத்துவிட்டேன். தட்டு எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போவதில்லை. எங்களுக்குச் சரி என்று சொல்லிவிட்ட பெண்களிடமும், "இன்னும் நாலு இடம் போய்ப் பாத்துட்டு வாங்கம்மா" என்கிறேன். கோச் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்கிறார். அவளுக்கு இதனால் எல்லாம் ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஷ்வேப்யிதாவுக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்று முறையும் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

போன மாதம் லான்மடாவ் சந்தையில் தற்செயலாகப் பார்த்தேன். தையல் ஃபேக்டரியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தாள். அதே முதல் கடை. பச்சையில் ஒரு தமெய்ன் எடுத்து மடித்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"சயாமா" என்றாள். சிரித்தாள். அந்தப் பல் சந்து அப்படியே இருந்தது. அங்கே எங்கள் இருவரையும் கடைக்காரியையும் தவிர யாரும் இல்லை, ஆனாலும் அக்கா என்று சொல்லவில்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டேன், பெரியக்காவைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் சுகம் என்றாள். ஆடுகிறாயா என்று கேட்டேன். ஃபேக்டரியில் நேரம் இல்லை என்றாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் காசைக் கொடுத்துவிட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பினாள். எனக்கு மனசு பதைத்துப் போயிற்று. மன்னிப்பெல்லாம் மறந்துபோய்க் கையைப் பிடித்துவிட்டேன்.

"அடுத்த கடையிலயும் பாரும்மா. பாக்க மட்டும்தானே? நானும் கூட வரேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில்.

"வாங்கியாச்சே சயாமா. இன்னும் எதுக்குப் பாக்கணும்?"

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தொங்குகிற துணிகளுக்கு நடுவே, நேராகப் பார்த்தபடி நடந்து போனாள். எட்டுக் கடையையும் தாண்டிப் போனாள், ஒன்றின் பக்கமும் திரும்பவில்லை.